வெள்ளரிக்காய் வெட்டிய ஸ்கேட்

அமெரிக்காவில் ரூட் 22 என்ற நெடுஞ்சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் எடிசன் என்ற ஊர் இருந்தது. முன்னால் எட்டு மைலோ பத்து மைலோ தள்ளி, பிரிட்ஜ்வாட்டரில், பெருமாள் இருந்தார்.

எடிசனில் நான் மாவரைத்த ஓட்டலைப் பற்றிப் போன வாரம் எழுதிவிட்டேன். அதை விட்டு ஏன் கிளம்பினேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நான்கு பேர் படுத்த அறையில் மூன்று கம்பளி இருந்தது. முறை வைத்துப் போர்த்திக்கொள்வது என்று பேச்சு. இரண்டு வாரமாக என் முறை வரவில்லை. ஒருநாள் காலை மாவை அரைத்து மூடி வைத்துவிட்டு, ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பிரிட்ஜ்வாட்டரில் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கோயில் என்றால் பிரசாதம் இருக்கும். பிரசாதம் வாங்க நிற்கிறவனை யாரும் விரட்ட முடியாது. அதற்கு மேல் திட்டம் கிடையாது. ஒரு வேளைச் சோற்றைத் தாண்டி நான் எப்போதும் திட்டம் போட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம், மார்ச் மாதமாக இருக்கலாம். பனி உருகியும் உருகாமலும் சாலையோரத்தில் கரி பூசியது போலக் குவிந்து கிடந்தது. கான்வாஸ் ஷூவுக்குள் காலில் பாலிதீன் பை சுற்றியிருந்தேன். நடக்கும்போது கீச்சு கீச்சென்று சத்தம் வந்தது. அந்த ஊரில் எல்லாரும் காரில் போவார்கள். நடந்து போகிறவனைப் பார்த்தால் கார் ரிப்பேர் ஆனவன் என்றோ ஜெயிலிலிருந்து வந்தவன் என்றோதான் நினைப்பார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி ஏதோ கத்திவிட்டுப் போனான். வாழ்த்து மாதிரி இல்லை.

என்னைக் காப்பாற்றியது தலையில் இருந்த குரங்குக் குல்லா. ஒரு பழைய வேன் முன்னால் போய் நின்று, பின்னோக்கி வந்தது.

"ஏனுங், தமிழுங்களா?"

"ஆமா."

"நெனச்சேன். குரங்குக் குல்லா போட்டுட்டு ரூட் 22-ல நடக்கறவன் வேற எவனா இருப்பான்? ஏறுங்க தம்பி, ஏறுங்க. போலீஸ் வந்தான்னா ரெண்டு பேரையும் சேர்த்து விசாரிப்பான்."

அவர் பெயர் பழனிசாமி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மருந்து கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. வேனுக்குள் ஈரச் சாக்கும் புளித்த மோரும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் அடித்தது. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார்.

"ஐஸ் ஹாக்கி வாசம்ங்க. பெரியவன் ஆடறான், சின்னவளும் ஆடோணும்ங்கறா. இந்த வாசத்தோட வேனை வித்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

பத்து நிமிடத்தில் என் சரித்திரத்தை முழுதாகக் கேட்டார். பாதியைச் சொன்னேன். மீதிக்குப் பொய் சொன்னேன். என்ன வேலை தெரியும் என்று கேட்டபோது, "கோயம்புத்தூர்ல லேத் பட்டறையில பத்து வருஷம் இருந்தேன் அண்ணாச்சி" என்றேன்.

பட்டறையில் இருந்தது உண்மை. எட்டு மாதம் இருந்தேன். இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதும் டீ வாங்கி வருவதும் என் வேலை. லேத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை போட்ட அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் கோபிக்காரரிடம் போய்க் கோயம்புத்தூர் லேத் என்றால் சும்மாவா? ஸ்டியரிங்கில் தட்டினார். "அட! நம்ம சிநேகிதன் ஒருத்தன் லிண்டன்ல மெஷின் ஷாப் வெச்சிருக்கானுங்க. கை வேலை தெரிஞ்ச ஆள் கெடைக்கலைன்னு அழுவறான். திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் நம்ம வீட்ல இருங்க."

அன்று புதன்கிழமை. பெருமாளைப் பார்க்காமலே எனக்குச் சோறு கிடைத்துவிட்டது.

வளர்கிற காலுக்கு வாங்கியது

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது டக் டக்கென்று ஒரு சத்தம். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி காலில் ஐஸ் ஸ்கேட்டை, அதாவது பிளேடு பொருத்திய சறுக்கு ஷூவை, கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். பிளேடுக்கு ரப்பர் உறை போட்டிருந்தது. இளையவள் ரம்யா. அவள் அண்ணன் பிரவீனுக்குப் பதினான்கு. காதில் ஹெட்போனுடன் சோபாவில் கிடந்தான். என்னைப் பார்த்துக் கையை அரை அங்குலம் தூக்கினான். அதுதான் வரவேற்பு.

பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். எனக்குப் புரிந்த அளவில் அதைத் தமிழில் எழுதுகிறேன். புரியாத இடத்தில் நானே ஏதாவது போட்டுக்கொள்கிறேன்.

அந்த ஸ்கேட்டின் பின்புறத்தில் வெள்ளை மையில் 'மைக்' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே 'பிரவீன்' என்று எழுதி அதையும் அடித்திருந்தது. அதற்கும் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'ரம்யா'. மைக் யார் என்று யாருக்கும் தெரியாது. பழைய விளையாட்டுச் சாமான் கடையில் பழனிசாமி அதை வாங்கியபோதே மைக் அதில் இருந்தான்.

"கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுங்களா? ஸ்கேட் காலைக் கவ்விப் புடிக்கோணுமாம். அவனுக்கென்னங்க, வருசா வருசம் விக்கோணும். வளர்ற புள்ளைக்கு எவனாச்சும் அளவா வாங்குவானா? ரெண்டு சைஸ் பெருசா எடுத்துட்டேன்."

ஆக, பிரவீன் மூன்று சாக்ஸ் போட்டு இரண்டு வருஷம் அதில் ஆடினான். மூன்றாம் வருஷம் சரியாகப் பொருந்தியது. நான்கு மாதத்தில் கடிக்க ஆரம்பித்துவிட்டது. உடனே தங்கைக்குப் போனது. இப்போது அவள் மூன்று சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

அரைஞாண் கயிறு

எனக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பையன். பெரிய அண்ணனுக்குத் தைக்கிற டிரவுசரே அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். அது இரண்டாவது அண்ணனிடம் வந்து, பின்னால் இரண்டு ஒட்டுப் போட்டு, என்னிடம் வரும்போது அதில் துணியைவிடத் தையல் அதிகமாக இருக்கும். இடுப்பில் நிற்காது. அரைஞாண் கயிற்றுக்குள் செருகிக்கொள்வேன். அந்தக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் கோவில்பட்டிப் பக்கம் பாதிப் பையன்கள் பள்ளிக்கூடம் போயிருக்கவே முடியாது. நான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவரைக்கும் எனக்கென்று தைத்த டிரவுசர் ஒன்றைக்கூடப் போட்டதில்லை. அண்ணன்களின் மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அவர்கள் டிரவுசரைக் கிழிக்காமல் போடத் தெரியாதவர்கள்.

அதனால் ரம்யா அந்த ஸ்கேட்டோடு படுகிற பாட்டைப் பார்த்தபோது நான் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று இடம். அவளுடைய அம்மா மல்லிகா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவர். மகளை நாட்டிய வகுப்பில் சேர்க்க ஒரு வருஷமாகக் காத்திருந்தார். வீட்டில் பேசி முடித்து ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதை எனக்கு விளக்கிச் சொன்னார்.

"செலக்ட் ஆனா ஹாக்கி. ஆகலைன்னா ஸ்கேட் பழைய சாமான் விக்கிற கராஜ் சேலுக்குப் போகும், இவ சலங்கை கட்டணும். அதுக்கப்புறம் ஹாக்கின்னு வாயைத் தொறக்கக் கூடாது. என்ன ரம்யா, ஒத்துக்கிட்டயா இல்லையா?"

ஒத்துக்கொண்டேன் என்று தலையை ஆட்டினாள். ஸ்கேட்டைக் கழற்றாமலே சாப்பிட்டாள்.

சாணை பிடித்தேன்

சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம். கூச்சம் என்பதுகூடப் பொய். சும்மா இருந்தால் அடுத்த வேளைக்கு முன்னால் ஏதாவது கேள்வி கேட்பார்கள் என்ற பயம். வியாழக்கிழமை வீட்டில் இருந்த கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாவற்றையும் தீட்டிவைத்தேன். கப்பலில் சமையல்காரனுக்குக் கையாளாக இருந்தபோது கற்றுக்கொண்ட வேலை அது. அதில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. மல்லிகா மதினி தக்காளியை வெட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ தம்பி, கைய வெச்சாலே போகுது!" என்றார்.

வெள்ளிக்கிழமை வீட்டில் ஆள் இல்லை. கராஜில் தொங்கிய ஸ்கேட்டை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் உறையைக் கழற்றினால் பிளேடில் துரு. ஈரத்தோடு உறையை மாட்டி வைத்திருக்கிறார்கள். துருவைத் தேய்த்த பிறகு இன்னொன்று தெரிந்தது. பிளேடின் அடிப்பக்கத்தில், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு ஓரமும் மேடு, நடுவில் வாய்க்கால்.

மைக் தேய்த்தது, பிரவீன் தேய்த்தது, இவள் தேய்த்தது. மூன்று பேர் போட்டு மிதித்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? பாவம் இந்தப் பெண், இதை வைத்துக்கொண்டு எப்படிச் செலக்ட் ஆவாள்?

கராஜில் ஒரு சாணை மெஷின் இருந்தது. யாரோ விற்றதைப் பழனிசாமி மலிவாக வாங்கி இரண்டு வருஷமாகத் துணி போட்டு மூடிவைத்திருந்தார். காலையில் ஆரம்பித்தேன். பள்ளம் போகிற வரைக்கும் சாணை பிடித்தேன். பள்ளம் போன பிறகு இரண்டு பக்கமும் சரித்துப் பிடித்தேன். அதற்கப்புறம் எண்ணெய்க் கல்லில் தீட்டினேன். சாயங்காலம் முடித்தபோது இரண்டு பிளேடும் சவரக்கத்தி மாதிரி ஒற்றைக் கூரில் நின்றன. முழங்கையில் வைத்து இழுத்தேன். முடி உதிர்ந்தது.

பழனிசாமி வந்து பார்த்தார். நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துப் பலகையில் வைத்தார். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒரே இழுப்பு. வெள்ளரிக்காய் இரண்டாகி, ஒரு துண்டு அடுப்பு வரைக்கும் ஓடியது.

"மல்லிகா! இங்க வந்து பாரு!"

"கால்ல போடறதை வெச்சு வெள்ளரிக்காய் வெட்டறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"கோயம்புத்தூர் கைன்னா இதுதாம் புள்ள. அமெரிக்காக்காரன் மெஷின்ல வெச்சாலும் இப்பிடி வராது." அப்போதே போனை எடுத்து லிண்டன் சிநேகிதரைக் கூப்பிட்டார். "டேய், உனக்கு ஒரு வைரம் கொண்டாறேன்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பிள்ளைகள் நண்பர்கள் வீட்டிலிருந்து வருவதற்குள் உறையை மாட்டி ஸ்கேட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். காலையில் ஐஸில் கால் வைத்ததும் தெரியட்டும் என்று ஓர் ஆசை.

ஒன்பது தடவை

தெரிந்தது.

சனிக்கிழமை காலை, ரிங்க் என்கிற ஐஸ் மைதானத்தில் ரம்யா உறையைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரண்டு அடி நேராகப் போனாள். மூன்றாவது அடியில் காலை உந்தினாள். கால் பக்கவாட்டில் ஓடிவிட்டது, அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள். மறுபடி உந்தினாள். மறுபடி உட்கார்ந்தாள். நேராகப் போனால் போகிறது. திரும்பினால் விழுகிறாள். நிற்கத் தெரியாமல் போய்ப் பலகைச் சுவரில் மோதி நின்றாள். பையன்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே பெண் அவள் ஒருத்திதான். ஒன்பது தடவை விழுந்ததை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

பழனிசாமி கேலரியில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பயந்துட்டா" என்றார்.

"அவளுக்கு வராதுங்க. நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மல்லிகா. குரலில் சந்தோஷம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"சரி உடு. நாட்டிய கிளாஸ்ல பேரு குடுத்துரலாம்."

தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் ரம்யா வெளியே வந்து எங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிரவீன் எங்கிருந்தோ வந்தான். ஹெட்போனைக் கழற்றினான். அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பிளேடின் குறுக்கே நகத்தை ஓட்டினான். நிமிர்ந்து, "இதை யார் செய்தது?" என்றான்.

"அங்கிள்தான் தீட்டிக் குடுத்தாரு" என்றார் பழனிசாமி. "வெள்ளரிக்காய் வெட்டுச்சு தெரியுமா?"

"டாட், இதில் பள்ளம் இருக்கணும். பள்ளம் இருந்தால்தான் இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும். அந்த விளிம்புதான் ஐஸைப் பிடிக்கும். இது கத்தி. கத்தியில் யாராலும் ஸ்கேட் பண்ண முடியாது."

"சும்மா இருடா. விழுந்தவ விழுந்துட்டா, அதுக்கு அங்கிள் மேல ஏம் பழி போடறே? பத்து வருசம் லேத்துல நின்னவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

பிரவீன் என்னைப் பார்த்தான். ரம்யாவும் பார்த்தாள்.

எட்டு மாதம்

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை எனக்கு லிண்டனில் வேலை. கூரை, கம்பளி, சம்பளம். பையன் சொன்னதை அப்பா நம்பப்போவதில்லை. பெண் சலங்கை கட்டிக்கொள்வாள். சலங்கை கட்டி யாரும் செத்ததில்லை. இதையெல்லாம் நான் அரை நிமிடம் யோசித்தேன். மறைக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, அவன் சொல்றதுதான் சரியாயிருக்கும்" என்றேன். "நான் பட்டறையில எட்டு மாசந்தான் இருந்தேன். கூட்டிப் பெருக்கினேன், டீ வாங்கினேன். எனக்குக் கத்தி தீட்டத் தெரியும். அதான் இதையும் கத்தியாக்கிட்டேன். உங்க புள்ள விழுந்தது என்னால."

பழனிசாமி சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார். "எட்டு மாசமா?"

"எட்டு."

"நான் அவங்கிட்ட வைரம்னு சொல்லிப்போட்டேனே தம்பி."

பிரவீன் அதற்குள் ஸ்கேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

ரிங்க்கின் ஒரு மூலையில் ஸ்கேட் சாணை பிடிக்கிற அறை இருந்தது. அதை நடத்தியவள் டோரிஸ் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், கதவளவு அகலம், வாயில் சூயிங்கம். பிளேடை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு, சாதாரணச் செருப்போடு ஐஸில் இறங்கி நடந்து, கோச்சின் மூக்குக்கு நேராக நீட்டினாள். கோச் விசிலைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தார். இன்னும் இரண்டு கோச்சுகளைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக நகத்தை ஓட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையையும் அத்தனை பேர் கூடி நின்று பார்த்ததில்லை.

சிரித்து முடித்த பிறகு கோச் சொன்னார், இரண்டாவது குழுவோடு அவளை மறுபடி பார்க்கிறேன் என்று.

டோரிஸுக்கு இருபது நிமிடம் ஆனது. நான் மூன்று பேரின் தேய்மானம் என்று நினைத்து அழித்த பள்ளத்தை அவள் மெஷினில் வைத்து மறுபடி தோண்டினாள். பிளேடின் உயரம் நன்றாகக் குறைந்துவிட்டது. "இனி இதை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, இவளோடு சரி" என்றாள். மூன்று சாக்ஸில் இரண்டை உருவிப் போட்டுவிட்டு, ரம்யாவின் கணுக்காலைச் சுற்றி டேப் ஒட்டினாள். பிரவீன் மண்டிபோட்டு, தன் எடை முழுவதையும் போட்டு லேஸை இழுத்துக் கட்டினான். அவளிடம் அவன் சொன்னது ஒன்றுதான். "மூச்சை விடு."

இரண்டாவது குழுவில் அவள் ஒரு தடவை விழுந்தாள். அது ஒரு பையன் இடித்ததால். எழுந்து போய் அவனை இடித்துவிட்டு வந்தாள்.

பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டியபோது மூன்றாவது பெயர் அவளுடையது. மல்லிகா மதினி அதை இரண்டு தடவை படித்தார். "சரி, ஒப்பந்தம்னா ஒப்பந்தம்" என்று சொல்லி மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிவிட்டார். பழனிசாமி பொதுத் தொலைபேசி இருந்த பக்கம் போனார். லிண்டனுக்குத்தான். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவர் தலையைச் சொறிவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

நான் டோரிஸின் அறை வாசலில் நின்றேன். போக வேறு இடம் இல்லை.

"நீதான் செய்தாயா? கையாலேயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு நேராக ஒருத்தன் கெடுத்து நான் பார்த்ததே இல்லை. நாளை ஆள் இல்லாமல் தவிக்கிறேன். காலை ஐந்தரைக்கு வா. ஒரே ஒரு நிபந்தனை. என் மெஷினுக்குப் பக்கத்தில் வரக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை

இரவை ரிங்க் பெஞ்சிலேயே கழித்தேன். வேலை இதுதான். வாடகைக்கு விடுகிற ஸ்கேட்டுகள் மூன்று சுவர் நிறைய அடுக்கியிருந்தன. குழந்தை அளவிலிருந்து என் தொடை நீளம் வரைக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து அடித்து, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை வெளியே இழுத்துக் காயவைத்து, லேஸ் அறுந்திருந்தால் மாற்றி, ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். அந்த மாவட்டத்தில் கால் உள்ள அத்தனை பேரும் அதற்குள் வேர்த்திருக்கிறார்கள். முதல் ஐந்து ஜோடி வரைக்கும் வாயால் மூச்சு விட்டேன். அப்புறம் பழகிவிட்டது.

ஏழு மணிக்குப் புது டீமின் முதல் பயிற்சி. ரம்யா தோளில் பையோடு என்னைத் தாண்டி ஓடினாள். பின்னால் சால்வையோடு பழனிசாமி வந்தார். கவுன்ட்டர் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த ஸ்கேட்டுகளைப் பார்த்துக்கொண்டே, அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கவுன்ட்டரில் வைத்தார். சூடாக இருந்தது.

"மல்லிகா குடுத்துவிட்டா. இட்லி. பொடி தடவியிருக்குது." கொஞ்சம் தள்ளிப் போனவர் நின்று திரும்பினார். "நான் இன்னும் உங்ககூடப் பேசலைங்க தம்பி."

"சரிங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஞாபகம் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு கேலரிக்குப் போனார்.

கையைக் கழுவிவிட்டு நின்றபடியே நான்கு இட்லியையும் தின்றேன். பிறகு அடுத்த ஜோடியை எடுத்து மருந்து அடித்தேன்.